உள்ளே நுழைந்தாலே ‘ஸ்ஸ்ஸ்’ என்கிறார்கள், இதை எப்படிப் புகாராகச் சொல்வது?

வண்டிக்காரம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போவேன், எழுதுவது முதல் தடவை. மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில், வேப்பமரத்தடியில் எங்கள் இஸ்திரி வண்டி நிற்கிறது. வீட்டுக்காரர் தேய்ப்பார். நான் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி, எண்ணி, தேய்த்ததைத் திருப்பிக் கொடுப்பேன். மதியத்துக்கு மேல் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நானும் பெட்டியைப் பிடிப்பேன்.

மகன் ஏழாம் வகுப்பு. பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தில் இலவச இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் பெயர் விழுந்து, எல்.கே.ஜி.யிலிருந்து அங்கேதான் படிக்கிறான்.

அவன் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அப்பா தொழில் ஆயிற்றே. போன மாதம் ஒருநாள் டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று பின்னாலேயே ஓடினேன். தெருமுனைப் பால் பூத் பக்கத்தில் நின்று சட்டையை வெளியே இழுத்து, இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தான். துணி பிழிகிற மாதிரி. என்னைப் பார்த்ததும் டப்பாவை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். சரி, பெரிய பையன் ஆகிறான், ஏதோ ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நான் ஒரு காட்டன் புடவையில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தேன். ஈரத்துணியில் சூடு பட்டால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று வருமே, அந்தச் சத்தம் வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த துணி, மறுபடி சத்தம், காதைப் பொத்திக்கொண்டான். அன்றைக்கு ராத்திரிதான் கேட்டுக் கேட்டு வெளியே வந்தது.

வகுப்புக்குள் இவன் நுழைந்ததும் ஒரு வரிசை முழுக்க ‘ஸ்ஸ்ஸ்’ என்கிறதாம். டீச்சர் இவன் பெயரைக் கூப்பிட்டால் ‘ஸ்ஸ்ஸ்’. தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் ‘ஸ்ஸ்ஸ்’. பெயர் ‘பொட்டி’. வாட்சப்பில் இவன் முகத்தை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டி ஸ்டிக்கர்கூடச் செய்திருக்கிறார்கள். அடிக்கவில்லை, காசு பிடுங்கவில்லை. ஜூனிலிருந்து இது நடக்கிறது.

வகுப்பு மிஸ்ஸிடம் போனேன். “சும்மா ஓட்டுறாங்கம்மா. ஸ்ஸ்னு சத்தம் போட்டா அதுக்கு எப்படி ஆக்ஷன் எடுக்கிறது?” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை ஆரம்பித்த பையன் நாங்கள் வண்டி போட்டிருக்கும் குடியிருப்பில்தான் இருக்கிறான். வாரம் இருபது உருப்படி அவன் வீட்டிலிருந்து வரும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவன் யூனிஃபார்மைத் தேய்ப்பது என் வீட்டுக்காரர்தான்.

நான் பெரிதுபடுத்துகிறேனா? புகார் கொடுத்தால் ‘இலவச சீட்டு, பேசாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போங்க’ என்பார்களோ என்று பயம். வீட்டுக்காரரிடம் இன்னும் முழுக்கச் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் அவருக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

கபடிக்காரன் எழுதியது:

அக்கா, ஒரே வழிதான். அதில் ஒருத்தனைப் பிடித்து மூக்கில் ஒன்று விடச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் நின்றது.

வண்டிக்காரம்மா எழுதியது:

தம்பி, சத்தம் வருவது ஒரு வரிசையிலிருந்து. யார் மூக்கு என்று சொல்வேன்? இவன் அடித்தால் மட்டும் அது புகார் ஆகிவிடும்.

தமிழய்யா எழுதியது:

அம்மா, தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 வருடம் தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. நீங்கள் ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை. முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த மிஸ் சொன்ன ‘ஓட்டுறது’ என்ற சொல்லில்தான் பாதி வம்பு இருக்கிறது. கூட்டாளியைச் செல்லமாகக் கேலி பண்ணுவதற்கும் அதே சொல், ஒரு பிள்ளையை நாலு மாதம் வதைப்பதற்கும் அதே சொல். இலங்கைத் தமிழர்கள் ராகிங்கைப் ‘பகிடிவதை’ என்பார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் ‘பகடிவதை’ என்று பள்ளிக்கூடத்து விஷயத்துக்கும் சொல்கிறார்கள். கேலி என்று ஆரம்பித்தாலும் சொல்லிலேயே வதை ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். நம் ஊரில் அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. அதனால் ஆசிரியர் அறைக்கு வரும்போது எல்லாமே ‘பசங்க விளையாட்டு’ ஆகிவிடும்.

பிரித்துப் பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: இவனால் திருப்பி ஓட்ட முடியுமா? நேற்று அவன், இன்று இவன் என்று மாறி மாறி நடந்தால் அது விளையாட்டு. ஒரே பிள்ளை மேல், வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அவனால் எதிர்த்து நிற்க முடியாத இடத்தில் நடந்தால் வேறு. என் மகள் உளவியல் படித்தவள். நார்வேயில் டான் ஓல்வியஸ் என்பவர் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் அளவுகோலாக வைத்தார் என்று அவள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஊரிலும் 1982 கடைசியில் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் அரசாங்கம் விழித்து, மறு வருடம் நாடு முழுக்கப் பள்ளிகளில் வேலையை ஆரம்பித்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனைப் படுத்துகிறான் என்று தெரிந்தது. இரண்டு பேரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, “கை குலுக்குங்கடா, இனிமேல் ஃப்ரெண்ட்ஸ்” என்றேன். குலுக்கினார்கள். மறுநாள் பெரியவன் சின்னவன் தோளில் கை போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடந்து போனான். நானும் சந்தோஷப்பட்டேன். தோளில் போட்ட கை பிடரியில் கிள்ளிக்கொண்டிருந்தது என்பது காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வராமல் போனபோதுதான் தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தது நான்தான். இருவரையும் ஒன்றாக நிற்க வைத்துச் சமாதானம் பேசுவது சண்டைக்குச் சரி. இது சண்டை இல்லை. அதனால் ‘ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுகிறோம்’ என்று பள்ளியில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு நான் அடிக்கிறவனையும் அடி வாங்குகிறவனையும் விட்டுவிட்டுச் சுற்றி இருக்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். உங்கள் பையன் விஷயத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒருத்தன் மட்டும் சொன்னால் அது காற்றுப் போகிற சத்தம். வரிசை சொல்வதால்தான் அது கத்தி. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டினா சால்மிவள்ளி இந்தச் சுற்றி இருப்பவர்களையே தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தவர்: கூடச் சேர்ந்து செய்கிறவன், சிரித்துக் கொடுக்கிறவன், தலையைக் குனிந்துகொள்கிறவன், பக்கத்தில் போய் நிற்கிறவன். ‘கிவா’ என்று பெயர் வைத்து 2009இலிருந்து அந்த நாட்டுப் பள்ளிகளில் நடத்தும் திட்டம் குறி வைப்பது இவர்களைத்தான். கனடாவில் பள்ளி மைதானத்தில் நடப்பதைப் படம் பிடித்துப் பார்த்தபோது, கூட இருக்கும் ஒரு பிள்ளை குறுக்கே பேசினால் பாதிக்கு மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் நின்றிருக்கிறது. வாத்தியார் வந்து சேர அதைவிட நேரம் ஆகும்.

ஆகவே 20 ரூபாய்க்கு எழுதுகிற நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, எந்தப் பீரியட், எந்த ஆசிரியர், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கடைசியில் ஒரு கட்டம் போட்டு, அன்றைக்கு யார் சத்தம் போடவில்லை என்பதை எழுதுங்கள். அந்தக் கட்டம்தான் முக்கியம். தினமும் போலீஸ் விசாரணை மாதிரி கேட்காதீர்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை, சாப்பாடு போடும்போது போதும்.

பிறகு வகுப்பு மிஸ்ஸைத் தாண்டித் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் ‘எடுத்தோம்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த வரிசையைக் கலைத்து உட்கார வையுங்கள் என்று எழுதுங்கள். உங்கள் பையனை இடம் மாற்றுகிறோம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள், எழுந்து போக வேண்டியவன் அவன் இல்லை. சம்பந்தப்பட்ட பிள்ளைகளை ஒரே பீரியடுக்குள், ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், கூடிப் பேசி ஒரே கதை சொல்ல நேரம் இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி பேச வேண்டும். அந்தக் குடியிருப்பு அம்மாவிடம் மட்டும் வாசலில் நின்று கேட்டுவிடாதீர்கள். எந்தத் தாயும் அங்கே மகன் பக்கம்தான் பேசுவாள். உங்கள் பிழைப்பும் அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழிலைச் சொல்லிக் கேலி என்றால் நம் ஊரில் பல நேரம் அடியில் ஜாதி இருக்கும். நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பையனிடம் மட்டும் ஒரு தடவை கேட்டு வையுங்கள், வேறு சொல் ஏதும் வருகிறதா என்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கும் பையன்கள் தொல்லை கொடுக்கிறார்கள் என்று புகார் போனது. அன்று இரவே வீட்டுக்குள் புகுந்து அந்தப் பையனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது, ஜாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று பயமுறுத்தவில்லை. பெயரைச் சொன்ன பிறகு உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பள்ளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது ஆள் எழுதியது:

தமிழய்யா சொன்ன ‘சிரித்துக் கொடுக்கிறவன்’ நான்தான். இப்போது 29 வயது, கோயம்புத்தூரில் லேத் பட்டறை. ஒன்பதாம் வகுப்பில் எங்களுடன் திக்குவாய்ப் பையன் ஒருத்தன் இருந்தான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ வர நேரமாகும். அவன் ‘உ… உ…’ என்று ஆரம்பித்ததும் பெஞ்சுக்கு அடியில் எல்லாரும் விரலால் தாளம் போடுவோம். மேலே பார்த்தால் அத்தனை பேர் கையும் நோட்டு மேல்தான் இருக்கும், ஒரு கை மட்டும் கீழே. சாருக்கு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. எட்டாம் வகுப்பில் ‘ஈயச்சட்டி’ என்று என்னை ஓட்டினார்கள். இவன் வந்து சேர்ந்ததும் என்னை விட்டுவிட்டார்கள். தாளம் போடாவிட்டால் திரும்ப நான்தான் ஈயச்சட்டி. அவ்வளவுதான் காரணம்.

பி.டி. சார் ஒருநாள் என்னை மட்டும் கிரவுண்டில் நிறுத்தினார். வசமாக மாட்டினோம் என்று நினைத்தேன். “ஏன் தட்டுற” என்றெல்லாம் கேட்கவில்லை. “நாளையிலிருந்து அவன் பக்கத்துல உட்கார்ந்துக்கிறியா? அவன் பேர் வரும்போது ரெண்டு கையும் பெஞ்ச் மேல வச்சுக்க. வேற எதுவும் செய்ய வேணாம்” என்றார். உட்கார்ந்தேன். முதல் நாள் என்னையும் முறைத்தார்கள். ஆனால் என் பெஞ்சிலிருந்து தாளம் வரவில்லையா, எனக்குப் பின்னால் இருந்தவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவனும் விட்டுவிட்டான். முழுசாக நிற்க அரையாண்டு ஆனது.

அக்கா, அந்த வரிசையில் என்னை மாதிரி ஒருத்தன் கட்டாயம் இருப்பான். நோட்டில் அவனைக் கண்டுபிடியுங்கள்.

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

டி.சி. பயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், சகோதரி. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019இல் அதில் திருத்தம் வந்ததே என்று யாராவது சொன்னால், அது ஃபெயில் போடுவது பற்றியது, வெளியேற்றுவது பற்றியது இல்லை. உங்கள் பையன் 12(1)(c) பிரிவில் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவன், அது அவன் உரிமை. பள்ளி போட்ட பிச்சை இல்லை.

நேரடியாக ‘போ’ என்று சொல்ல மாட்டார்கள். ‘சொந்தக் காரணத்துக்காக நாங்களே டி.சி. கேட்கிறோம்’ என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

புகாரை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக இருக்கிறார். போனில் என்றால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பையனே 1098க்குப் பேசலாம்.

ராகிங் சட்டம் என்று யாராவது சொல்வார்கள். 1996இல் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் கொலையான பிறகு 1997இல் தமிழ்நாட்டில் வந்தது அது. வந்ததே கல்லூரி, விடுதி விவகாரத்துக்காக. ஏழாம் வகுப்புப் பையன்கள் மேல் அதைத் தூக்கிக்கொண்டு போனால் பள்ளி வக்கீலைத்தான் தேடும், உங்கள் மகனை மறந்துவிடும்.

அந்த வாட்சப் ஸ்டிக்கரை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்குச் சாட்சி கிடையாது, அதற்கு உண்டு.

வண்டிக்காரம்மா எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஐயா சொன்னபடி நோட்டுப் போட்டோம். எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, ஒரு வரிசையே சேர்ந்து கத்துகிறது என்று இவன் சொன்னது இவன் காதுக்குக் கேட்ட கணக்கு. உண்மையில் ஏழு பேர். அதுவும் சமூக அறிவியல் பீரியட், நூலகப் பீரியட், மாடிப்படி, இந்த மூன்று இடத்தில்தான். கணக்கு சார் வகுப்பில் ஒருநாள்கூட வரவில்லை. ‘யார் சத்தம் போடவில்லை’ கட்டத்தில் பாதி நாள் ஒரே பையன் பெயர் வந்தது. அந்த ஏழு பேருக்கு நடுவில்தான் அவனும் உட்கார்ந்திருக்கிறான். பட்டறைத் தம்பி சொன்ன ஆள் அவன்தான் போல.

வேறு சொல் வருகிறதா என்றும் கேட்டேன். ஒரு தடவை வந்திருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். புகாரில் எழுதினேன்.

தலைமை ஆசிரியர் அந்த வரியைப் படித்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது பிரதியில் கையெழுத்துக் கேட்டதும், “என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். “இருக்கு சார், தேதி மறந்துடுவேன், அதுக்குத்தான்” என்றேன். போட்டுக் கொடுத்தார். ஐயா சொன்னது போலவே, பையனை முன் பெஞ்சுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். வேண்டாம், அவர்களைப் பிரித்து வையுங்கள் என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது, ஆனால் சொல்லிவிட்டேன். ஏழு பேரையும் நாலு இடத்தில் பிரித்துவிட்டார்கள்.

சமூக அறிவியல் வகுப்பில் நின்றுவிட்டது. மாடிப்படியில் இன்னும் இருக்கிறது. அந்தச் சத்தம் போடாத பையன் போன புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் இவன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய் எடுத்துத் தின்றானாம். கேட்காமல் எடுத்தான் என்று இவன் புகார் மாதிரி சொன்னான்.

வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கரியைத் தட்டிவிட்டு, “வெள்ளிக்கிழமை அந்த வீட்டுத் துணி வருமே” என்றார். வந்தது. எப்போதும் போல மடிப்பு நேராக எடுத்துத் தேய்த்தார், ஒரு மடிப்புகூடக் குறையவில்லை. நான் கொண்டுபோனேன். அவனே கதவைத் திறந்தான். “சட்டை ரெண்டு, பேன்ட் ரெண்டு, எண்ணிக்கோப்பா” என்றேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பையன் சாயங்காலம் வண்டிப் பக்கம் வந்து உட்கார்கிறான். சட்டையை இன்னும் கசக்குகிறானா என்று பால் பூத் வரைக்கும் போய் நான் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்போடு இலவசம் முடிகிறது. ஒன்பதுக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றினால், இதற்காகத்தான் ஓடினான் என்று ஆகிவிடுமா?

தமிழய்யா எழுதியது:

அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது அம்மா, ஃபீஸ் கணக்கை வைத்து அப்போது முடிவு பண்ணலாம். இப்போதைக்கு அந்த மாடிப்படி. எந்த இடைவேளையில் என்று நோட்டில் குறியுங்கள், அந்த நேரத்தில் படியில் நிற்க வேண்டிய ஆசிரியர் யார் என்று கேட்டு, அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.